கந்தூரிக்குப் போன நெல்

அந்த வருஷம் மார்கழியில், பதுளையிலிருந்து பசறைக்குப் போகிற பஸ் ஒரு வளைவுக்கு வந்ததும் டிரைவர் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். கீழே பள்ளத்தில் ஜுனைதீன் முதலாளியின் வயல் அப்படி வளர்ந்து நின்றது. பச்சை என்றால் சும்மா பச்சை இல்லை, கறுப்புத் தட்டின பச்சை. ஜன்னல் ஓரத்து ஆட்கள் எட்டிப் பார்த்து, "யாரப்பா இத செய்யிறது?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி தன் காதில் விழட்டும் என்றே வேலாயி வரப்பில் நிற்பாள். வேலை இருந்ததோ இல்லையோ, பஸ் வருகிற நேரத்துக்கு அவள் வரப்பில்தான் இருந்தாள்.

பெருமைப்பட அவளுக்கு நியாயம் இருந்தது. வேலாயியும் அவள் புருஷன் மாடசாமியும் பிறந்ததிலிருந்தே தேயிலைத் தோட்டத்து ஆட்கள். அவள் கொழுந்து கிள்ளினாள். அவன் உரம் போடுகிற கூட்டத்தில் முன்னால் நடந்தான். செடியின் தூரில் உரத்தை வீசிக்கொண்டே மலையேறுவதில் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று அவனே சொல்லிக்கொள்வான். ஒருநாள் காலைப் பெரட்டில், எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, கணக்கப்பிள்ளை அவன் தாயை இழுத்துத் திட்டினான். மாடசாமி வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தான். அவ்வளவுதான், புருஷன் பெஞ்சாதி இரண்டு பேர் பெயரையும் வெட்டிவிட்டார்கள். லயத்து அறையையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

சட்டி பானையைத் தலையில் வைத்துக்கொண்டு பதுளைக்கு இறங்கி வந்தவர்களுக்கு, பஜாரில் அரிசிக் கடையும் மில்லும் வைத்திருந்த ஜுனைதீன் முதலாளி மூட்டை தூக்குகிற வேலை கொடுத்தார். அவருடைய வயலைச் செய்துகொண்டிருந்த ஆள் விட்டுப் போனபோது, "செஞ்சு பாருங்க, வெளச்சல்ல பாதி ஒங்களுக்கு" என்று வயலையும் கொடுத்தார். வயலை ஒட்டின மேட்டில் ஒரு குடிசை இருந்தது. போக வேறு இடம் இல்லாத அந்த இரண்டு பேருக்கும் அந்தக் குடிசைதான் ஊர், அதுதான் நாடு.

நாற்று நடுவதும் மடை திறப்பதும் மாடசாமிக்குப் புதுசு. பக்கத்து வயல்காரர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தான். ஆனால் உரம் என்று வந்துவிட்டால் அவனுக்கு எவனும் சொல்லித்தர வேண்டியதில்லை. சல்பேட் உரம் பார்வைக்குக் கல்லுப்பு மாதிரி இருக்கும். தோட்டத்து ஆட்கள் அதை உப்பு என்றே சொல்வார்கள். நாற்று வேர் பிடித்ததும் உப்பு போட்டான். பயிர் குப்பென்று எழுந்தது. கொஞ்ச நாளில் லேசாக வெளுத்ததுபோல் தெரிந்தது, மறுபடியும் போட்டான். பிறகு மறுபடியும்.

"ஏங்க, போதாதா?" என்று வேலாயி கேட்டது ஒரே ஒரு தடவைதான்.

"பயிரு கேக்குது புள்ள. கேக்குறதுக்குக் குடுக்காம இருக்கிறது பாவம்."

அதில் அவளுக்கும் மறுப்பு இல்லை. தேயிலையில் இலைதான் விளைச்சல். இலை கறுத்துச் செழித்தால் துரை சிரிப்பார், வெளுத்தால் உரமூட்டை மலையேறும். முப்பது வருஷம் இலையைப் பார்த்தே வயிறு கழுவினவளுக்குக் கண்ணில் வேறென்ன படும்? பச்சையைப் பார்த்தாள், மனசு நிறைந்தது. மாடசாமியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

படிப்படியாக இறங்குகிற அந்த வயலின் மேல்தட்டு மட்டும் இந்த உபசாரத்துக்குத் தப்பிவிட்டது. அதன் வரப்பில் நின்ற பலாமரத்தில் குளவி கூடு கட்டியிருந்தது. தேயிலை மலையில் குளவி கொட்டி ஆள் சாய்ந்ததைக் கண்ணால் கண்டவன் மாடசாமி. பேயென்றால் கிட்டப் போய்ப் பார்ப்பான், குளவி என்றால் ஊரைச் சுற்றிப் போவான். நட்ட புதிதில் போட்டதோடு மேல்தட்டுக்கு அவன் போகவே இல்லை. கதிர் கட்டுகிற சமயத்தில் ஒருநாள், மழையில் குளவி அடங்கிக் கிடப்பதைப் பார்த்து, கூடையின் அடியில் மிச்சம் கிடந்ததைப் பயந்து பயந்து வீசிவிட்டு ஓடிவந்தான்.

தை பிறந்ததும் மழையும் காற்றும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. ஒருநாள் காலையில் வேலாயி குடிசைக் கதவைத் திறந்தாள். வயல் படுத்துவிட்டது. இடுப்புக்கு மேல் வளர்ந்திருந்த பயிர் பாய் விரித்த மாதிரி தண்ணீரில் கிடந்தது. மாடசாமி ஓடிப்போய் ஒரு கைப்பிடியை நிமிர்த்தி நிறுத்தினான், கையை எடுத்ததும் அது சாய்ந்தது. இன்னொன்றை நிறுத்தினான், அதுவும் சாய்ந்தது. வேலாயி நின்ற இடத்திலேயே சேற்றில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

அறுத்து அடித்ததில் பாதி பதர். மில்லில் பச்சையாகக் குற்றிப் பார்த்தபோது அரிசி சுண்ணாம்புபோல் வெளுத்து, உடைந்து, குருணையாகக் கொட்டியது. ஜுனைதீன் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் சாக்கில் போட்டார். பேசுவதற்குத்தான் ஸரூக் இருந்தானே.

ஸரூக், முதலாளி மனைவி ஜெமீலாவின் தம்பி. எந்தத் தொழிலைத் தொட்டாலும் மூன்றாம் மாதம் புதுத் தொழில் தேடுகிறவன். அப்போது அவன் தேடிக் கண்டுபிடித்திருந்தது செங்கல். அந்த வயலில் நல்ல களிமண் இருக்கிறதாம், தோண்டி அறுத்துச் சூளை வைத்தால் பதுளை முழுக்க வீடு கட்டலாமாம். "நெல்லு வெதச்சீங்களா, புல்லு வெதச்சீங்களா?" என்று மாடசாமியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மைத்துனர் பக்கம் திரும்பினான். "மச்சான், மாட்டுக்குத் தீனி வளக்கவா வயலு? எனக்குத் தாங்க."

ஜுனைதீன் நல்ல மனுஷர், ஆனால் வியாபாரி. "இன்னும் ஒரு போகம் பார்ப்பம்" என்றார். "அதும் சரி வராட்டி வயலு ஸரூக்குக்கு. குடிசையையும் விடோணும். இன்னொண்ணு, அந்த உப்பு இனிமே ஏன்ட வயலுக்குள்ள வரப்படாது."

ஸரூக்குக்கு அந்த ஒரு போகம்கூடப் பொறுக்கவில்லை. அடுத்த வாரமே அடிப்பலகை வைத்த செங்கல் அச்சுகளை வண்டியில் கொண்டுவந்து வயல் மூலையில் அடுக்கிவிட்டுப் போனான். வேலாயி குடிசையை விட்டு வெளியே வரும்போதெல்லாம் அந்த அச்சுகள் கண்ணில் இடித்தன.

ஒரு விஷயம் மட்டும் அவள் மனசில் கிடந்து உறுத்தியது. வயல் படுத்த அன்றைக்கு மேல்தட்டு மட்டும் படுக்கவில்லை. மற்றதைவிட ஒரு சாண் குட்டை, நிறமும் வெளுப்பு, அதனால் அதுவரை அதை அவள் ஒரு பயிராகவே மதிக்கவில்லை. அறுப்பின்போதே அதைத் தனியாகக் காயப்போட்டு, தனிச் சாக்கில் கட்டியிருந்தாள். அந்தச் சாக்கைத் தலைக்கு ஏற்றியபோது கழுத்து அமுங்கியது. பெரிய தட்டுகளின் சாக்கு அதே அளவு, ஆனால் பஞ்சு மூட்டை. சாக்கு பொய் சொல்லாது என்று அவளுக்குத் தோன்றியது.

மாசி மாதத்தில் விவசாயப் போதனாசிரியர் குமாரசிங்கம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரப்பில் இறங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர். வெயிலோ மழையோ குடையை விரிக்காமல் கைத்தடியாகவே ஊன்றித் திரிவார். ஊருக்கு ஊர் கூட்டம் வைத்து உரத்தைப் பற்றிப் பேசுவார், தேத்தண்ணீர் குடித்ததும் கூட்டம் கலைந்துவிடும். விழுந்த வயலைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் வந்திருந்தார்.

"எத்தினை தரம் உரம் போட்டனீங்கள்?"

மாடசாமி விரல் விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் கையை மடக்கிக்கொண்டான்.

"எண்ண வேண்டாம், விளங்குது. தேயிலைக்குப் போட்ட கை எண்டு வயலைப் பாக்கவே தெரியுது." அவர் சிரிக்கவில்லை. "தேயிலைக்கு இலைக்காகப் போடுறியள். கிள்ளக் கிள்ளத் திருப்பித் தளிர்க்குது. நெல்லுக்கு அப்பிடியில்லை. உந்த உரத்துக்குள்ளை இருக்கிறது நைதரசன். அது அளவோடை கிடைச்சால் பயிர் கிளை வெடிக்கும், கதிர் நீளும். மிஞ்சினால் எல்லாம் இலையாப் போகும். தண்டு மெலிஞ்சு உயர்ந்து காத்துக்கு விழும். பால் பிடிக்கிற நேரம் பயிர் தண்ணியிலை கிடந்தால் மணிக்குள்ளை என்ன நிரம்பும்?"

"அப்ப உப்புமேல குத்தமில்லீங்களா ஐயா?" என்று வேலாயி கேட்டாள்.

"உரத்திலை பிழையில்லை. போட்ட அளவிலையும் நேரத்திலையும்தான் பிழை."

அவள் ஓடிப்போய் இரண்டு சாக்கிலிருந்தும் ஒவ்வொரு பிடி நெல் அள்ளி வந்தாள். மேல்தட்டின் கதையை, குளவியையும் விடாமல், சொன்னாள். குமாரசிங்கம் நெல்லை உரித்துப் பார்த்தார், பலாமரத்தைப் பார்த்தார், மறுபடியும் நெல்லைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"நான் கூட்டம் கூட்டமாச் சொல்லி ஒருத்தரும் கேக்கேல்லை. உங்கடை குளவி செய்து காட்டியிருக்கு!"

பிறகு வரப்பில் குந்தியிருந்து விளக்கினார். நட்டு வேர் பிடித்ததும் ஒரு பங்கு. அதன்பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும். தண்டுக்குள் கதிரின் கரு பிடிக்கிற நேரத்தில் இன்னொரு பங்கு. கதிர் எட்டிப் பார்க்கும்போது இன்னும் கொஞ்சம், அது மணியை இறுக்கும், குற்றும்போது உடையாது. தண்ணீரை வடித்து, இலை காய்ந்திருக்கும்போது வீசவேண்டும்.

"கரு புடிச்சத எப்படிங்க பாக்குறது? அது தண்டுக்குள்ளல்ல இருக்கு?"

"தண்டைப் பிளந்துதான் பாக்கவேணும். அடிக்கணுவுக்கு மேலை, வெள்ளையா, பஞ்சு நுனி மாதிரி இருக்கும்." ஈர மண்ணில் குச்சியால் கீறிக் காட்டினார். "ஒரு கிழமை முந்தினாலும் இலைக்குப் போகும். பிந்தினாலும் பிரயோசனம் குறைவு. பாத்துப் பாத்துத்தான் பிடிக்கவேணும்."

பார்த்துப் பார்த்துப் பிடிப்பதா? வேலாயி தன் வலதுகைக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டாள். முப்பது வருஷம் கொழுந்து கிள்ளிய நகம் அது.

ஆனால் உப்புக்கு முதலாளி போட்ட தடை இருக்கிறதே. இரண்டு நெல்லையும் முந்தானையில் தனித்தனியாக முடிந்துகொண்டு அவள் பஜாருக்குப் போனாள். ஜுனைதீனிடம் போகவில்லை. கடைக்குப் பின்புறத்து முற்றத்தில் நெல் அவிக்கிற அடுப்படிக்குப் போனாள். அங்கேதான் ஜெமீலா இருப்பாள். ஜெமீலாவின் பல்லுக்குப் பதுளையில் தனி மரியாதை உண்டு. ஊவா மாகாணத்தின் எந்த மூலையிலிருந்து நெல் வந்தாலும், அவள் ஒரு மணியைக் கடித்துப் பார்த்துச் சொன்னபிறகுதான் ஜுனைதீன் வாய் திறப்பார்.

ஜெமீலா முதல் முடிச்சிலிருந்து ஒரு மணியை எடுத்துக் கடித்தாள். துப்பினாள். இரண்டாவது முடிச்சிலிருந்து எடுத்துக் கடித்தாள். கடக்கென்று சத்தம் கேட்டது. இன்னொன்றையும் கடித்தாள்.

"இது எந்த ஊரு நெல்லு?"

"ரெண்டும் ஒங்க வயலுதாங்கம்மா. ரெண்டும் உப்பு தின்னதுதான். ஒண்ணு மூச்சுமுட்டத் தின்னது, ஒண்ணு நேரத்துக்குத் தின்னது."

ஜெமீலா புருஷனைக் கூப்பிட்டாள். ஜுனைதீன் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "உப்புப் போட்ட அரிசி ருசிக்காது, தண்ணி ஊத்தி வெச்சா விடியிறதுக்குள்ள நாறிப்போகும்னு ஊரே சொல்றாங்க. அந்தப் பேரு ஏன்ட கடைக்கு வாணாம்."

"ஊரு சொல்றத ஊருக்கே ஆக்கிப் போட்டுப் பார்ப்பம்" என்றாள் ஜெமீலா. "அறுப்பு முடிஞ்சு அடுத்த மாசம் நம்மட கந்தூரி வருதுதானே."

ஜுனைதீன் திடுக்கிட்டார். வருஷா வருஷம் முஹ்யித்தீன் ஆண்டகை பேரில் அவர் வீட்டில் நடக்கிற கந்தூரியில் பஜாரே உட்கார்ந்து சாப்பிடும். அதற்கு இருப்பதிலேயே உசத்தியான அரிசியைத் தேடி வாங்குவார். அந்தச் சோற்றில் குறை வந்தால் அவர் தலை நிமிர்ந்து கடையில் உட்கார முடியாது. மனைவியின் முகத்தைப் பார்த்தார். மனைவியோ மூன்றாவது மணியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றார் கடைசியில். "கந்தூரிச் சோறு இந்த வயலு அரிசிதான். அடுத்த நாள் காலையில தண்ணிச்சோறும் பார்க்கோணும். ஒரு குறை வந்தாலும் ஸரூக் மம்பட்டியோட வருவான். அதுக்குப் பொறகு எங்கிட்ட வந்து அழப்படாது."

"அழமாட்டேங்க மொதலாளி" என்றாள் வேலாயி.

சித்திரையில் நாற்றுவிட்டு, வைகாசியில் நட்டார்கள். வேர் பிடித்ததும் முதல் பங்கு உப்பு போட்டாயிற்று, அதுவும் மாடசாமி மூக்கால் அழுகிற அளவுக்குக் கொஞ்சமாக. பயிர் எழுந்து கிளை வெடித்தது. கொஞ்ச நாளில் கறுப்புப் பச்சை இறங்கி, இளம்பச்சையாகி, அதுவும் மெல்ல வெளுத்தது. இப்போது பசறை பஸ் அந்த வளைவில் வேகம் குறைக்கவே இல்லை. ஆனாலும் ஸரூக் மட்டும் வந்தான்.

"என்ன வேலாயி, வயலுக்குக் காமாலையா?" அச்சுகளின்மேல் கிடந்த இலைகளைத் தட்டிவிட்டுப் போனான்.

மாடசாமிக்கு அது தாங்கவில்லை. வெளுத்த இலையைக் கண்டால் அவன் கை தானாக வீசும். ஒரு மத்தியானம் அவன் கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு உரமூட்டையை அவிழ்க்கப் போனான். வேலாயி ஓடிவந்து மூட்டையின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"எந்திரி புள்ள! பயிரு பசியில சாகுது!"

"சாகல. அது இப்ப இலைய நெனக்கிறத விட்டுட்டு வேற எதையோ நெனக்குது. நீங்க குடுத்தீங்கன்னா மறுபடியும் இலைக்குப் போயிரும்."

"ஒனக்கு நெல்லு வந்து சொல்லிச்சா?"

"சொல்லும். சொல்ற வரைக்கும் நான் எந்திரிக்கமாட்டேன்."

சோற்றையும் மூட்டையின்மேல் உட்கார்ந்தே தின்றாள். மாடசாமி ஒருநாள் முழுக்க அவளோடு பேசவில்லை. உள்ளுக்குள் அவளுக்கும் பயம்தான். ஐயா கணக்குத் தப்பினால்? மண் வேறுமாதிரி இருந்தால்? குளவி கூடுகட்டின தட்டுக்கு மட்டும் ஏதாவது அதிர்ஷ்டம் இருந்திருந்தால்? குடிசைக்கு வெளியே அந்த அச்சுகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

தினம் காலையில் வயலில் இறங்கி, இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தண்டைப் பிடுங்கி, கட்டைவிரல் நகத்தால் பிளந்தாள். ஒன்றும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் வெறும் பச்சைக் குழாய்தான். ஒருநாள் காலை, பனி விலகின வெளிச்சத்தில், அடிக்கணுவுக்குச் சற்று மேலே, நகம் கிழித்த இடத்தில் வெள்ளையாக ஒரு துளி தெரிந்தது. பஞ்சு நுனி. கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். இன்னொரு தண்டைப் பிளந்தாள், அதிலும் இருந்தது. நடுத்தட்டில் இருந்தது, கீழ்த்தட்டில் இருந்தது.

"ஏங்க!" அவள் போட்ட சத்தத்தில் எதிர்க்கரைக் கொக்குகள் எழும்பின. "கூடைய எடுத்துட்டு ஓடியாங்க! கரு புடிச்சிருச்சு!"

மாடசாமி கோபத்தையெல்லாம் மறந்து ஓடிவந்தான். தண்ணீரை வடித்தார்கள். இலையில் பனி காயும்வரை காத்திருந்தார்கள். பிறகு அவன் வீசினான். வீசுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது என்பது உண்மைதான். ஒரு பிடி உப்பு விசிறிபோல் விரிந்து, ஓரிடத்தில் கூடாமல் ஓரிடத்தில் குறையாமல் விழுந்தது. வேலாயி பின்னாலேயே நடந்து, "போதும், போதும்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கதிர் எட்டிப் பார்த்தபோது கடைசிப் பங்கையும் அப்படித்தான் போட்டார்கள்.

ஆடியில் கச்சான் காற்று வந்தது. ஊவாவின் கச்சான் லேசான காற்று இல்லை. அப்புத்தளைப் பக்கத்திலிருந்து மலையை உரசிக்கொண்டு இறங்கி, கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போகும். கதிர் முற்றித் தலை குனிந்திருந்த நேரம். காற்று வயலை ஒரு பக்கம் சாய்த்தது, பயிர் நிமிர்ந்தது. மறுபக்கம் சாய்த்தது, மறுபடியும் நிமிர்ந்தது. வேலாயி வரப்பில் நின்று, சேலையைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு வீச்சுக்கும் "நில்லு, நில்லு" என்று பயிரோடு பேசினாள். காற்று ஓய்ந்தபோது வயல் நின்றுகொண்டிருந்தது. மாடசாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டான், அவளும் விடவில்லை.

களத்தில் நெல் மணியாகக் கொட்டியது. மில்லில் பச்சையாகக் குற்றின அரிசி முழுசு முழுசாக, கண்ணாடிபோல் தெளிந்து விழுந்தது. குருணைக்கு வைத்த சாக்கு பாதிகூட நிரம்பவில்லை. ஜெமீலா கடித்துப் பார்த்தாள். கந்தூரிக்கு வேண்டிய அரிசியைத் தன் கையாலேயே அளந்து எடுத்துக் களைந்தாள்.

கந்தூரியன்று மத்தியானம் வேலாயி முதலாளி வீட்டுப் பின்முற்றத்தில், பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்றாள். முன் பந்தலில் பாய் விரித்து, ஆறு ஆறு பேராக ஒவ்வொரு சஹனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பெரிய தட்டில் நெய்ச்சோறு, நடுவில் இறைச்சிக் கறி, ஆறு கையும் ஒரே தட்டில். கதவிடுக்கு வழியாக அவள் பார்த்ததெல்லாம் முதல் சஹனில் இருந்த ஸரூக்கை மட்டும்தான். குறை கண்டுபிடிக்கவே அவன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

ஸரூக் ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தான். மென்றான். புருவத்தைச் சுருக்கினான். இன்னொரு பிடி எடுத்தான். அந்தச் சஹனில் மற்ற ஐந்து பேர் கையும் வேகம் பிடித்ததைப் பார்த்து அவனும் வேகம் பிடித்தான். பிறகு சட்டென்று நிமிர்ந்து, பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான்:

"மச்சான், இது சரியில்ல! கண்கட்டு வித்தை காட்டுறீங்க! இது அந்த வயலு அரிசியே இல்ல. பர்மாவில இருந்து வந்த மொதல்தர அரிசி. எனக்குத் தெரியாதா?"

கதவுக்குப் பின்னாலிருந்து ஜெமீலாவின் குரல் வந்தது. "தம்பி, நான்தான் களைஞ்சேன். அந்த வயலு அரிசிதான். ஒனக்குப் பர்மா மாதிரி ருசிக்குதா?"

முதலில் சிரித்தது அவன் சஹனில் இருந்தவர்கள். பிறகு பந்தலே சிரித்தது. ஜுனைதீன் முதலாளி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். "கேட்டீங்களா, பர்மா அரிசியாம்! பசறை ரோட்டுப் பர்மா!" என்று சஹன் சஹனாகப் போய்ச் சொன்னார். ஸரூக் காது சிவக்க உட்கார்ந்திருந்தான். ஆனால் கையை எடுக்கவில்லை. அவன் கை எடுத்திருந்தால் மற்ற ஐந்து பேர் ஒரு பருக்கை மிச்சம் வைத்திருக்கமாட்டார்கள்.

பின்முற்றத்தில் வேலாயி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மாடசாமி அங்கேயே ஒரு ஆட்டம் போட்டான். ஜெமீலா இரண்டு பேருக்கும் தட்டு நிறையச் சோறு கொண்டுவந்து வைத்தாள். ஆனால் ஸரூக் போகும்போது, "தண்ணிச்சோறு இன்னும் இரிக்கிதானே, நாளைக்கு மூக்கைப் பொத்திக்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். வேலாயி தன் தட்டை மாடசாமி பக்கம் தள்ளிவிட்டாள்.

விடிந்ததும் எல்லாரும் அடுப்படியில் கூடிவிட்டார்கள். முந்தின நாள் வெறும் சோறாக வடித்து, தண்ணீர் ஊற்றி மண்பானையில் மூடி வைத்ததை ஜெமீலா நடுவில் கொண்டுவந்து வைத்தாள். ஜுனைதீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். ஸரூக் சொன்ன மாதிரியே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான். வேலாயி பானையைப் பார்க்கப் பயந்து ஜெமீலாவின் முகத்தையே பார்த்தாள்.

ஜெமீலா மூடியைத் திறந்து குனிந்து முகர்ந்தாள். கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பிழிந்தாள். பருக்கை பருக்கையாக உதிர்ந்தது, கையில் பிசுக்கு ஒட்டவில்லை. வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பிசைந்து, முதல் கோப்பையைத் தம்பியிடம் நீட்டினாள்.

ஸரூக் மூக்கிலிருந்து கையை எடுத்தான். குடித்தான். கோப்பையை மறுபடியும் நீட்டினான்.

"வயலு வயலாவே இரிக்கட்டும்" என்றார் ஜுனைதீன். "மாடசாமி, நீங்க ரெண்டு பேரும் வேணாங்கிற வரைக்கும் அது ஒங்க கையில. குடிசைக்கும் நல்ல தகரமாப் போட்டுக்குங்க. இனிமே நம்மட கந்தூரிச் சோறு அங்கேயிருந்துதான்."

அழமாட்டேன் என்று சொல்லியிருந்த வேலாயி அப்போது அழுதாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. இனி யாரும் பெயரை வெட்ட முடியாத ஓர் இடம் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம் அது, அதை வேறு எப்படிக் காட்டுவது?

அன்று சாயங்காலமே ஸரூக் வண்டியோடு வயலுக்கு வந்து அச்சுகளை ஏற்றினான். கோழி வளர்ப்பில் நல்ல லாபமாம், யாரோ சொன்னார்களாம். கடைசி அச்சைத் தூக்கும்போது வேலாயி வந்து அதைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த ஒண்ண விட்டுட்டுப் போங்க ஸரூக் நானா."

"ஒனக்கு எதுக்கு? நீயும் செங்கல்லு அறுக்கப் போறியா?"

"உப்பு அளக்கத்தாங்க. எங்க வீட்டு ஆளு கைய நம்ப முடியாது."

ஸரூக் சிரித்துவிட்டான். அச்சைத் துடைத்துக்கூடக் கொடுத்தான். புரட்டாசிக்குப் பிறகு மழை விழுந்து, பெரும்போகத்துக்கு நாற்று நட்டு வேர் பிடித்ததும், ஒவ்வொரு தட்டுக்கும் அந்த அச்சில் அளந்துதான் உப்பு போனது. மாடசாமி எப்போதும் கொஞ்சம் குவித்துத்தான் அள்ளுவான். வேலாயி கட்டைவிரலால் விளிம்போடு ஒரு வழி வழித்து, மிச்சத்தைச் சாக்கிலேயே தட்டிவிடுவாள்.